வெள்ளவத்தையில் பார்மசி தேடினால் பொத்துவில் ஏன் குறுக்கே வருகிறது?

கொழும்பின் வெள்ளவத்தை, எல்ல, மொனராகலை, இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள பொத்துவில் ஆகிய நான்கு ஊர்களும் ஏறத்தாழ ஒரே அகலாங்கில், 6.87 பாகையை ஒட்டி இருக்கின்றன. கொழும்பில் குடியிருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஆனால் கடைகளின் அமைவிடங்களை ஒரு தரவுத்தளத்தில் போட்டு, "எனக்கு ஒரு கிலோமீற்றருக்குள் உள்ள பார்மசிகளைக் காட்டு" என்று கேட்கும் ஆப் ஒன்றைச் செய்யத் தொடங்கினால், இந்த ஊர்கள் ஒரே கோட்டில் இருப்பது தலையிடியாகிவிடும்.

வழக்கமாக என்ன செய்வார்கள்? டேபிளில் அகலாங்குக்கு ஒரு நிரல், நெட்டாங்குக்கு ஒரு நிரல். தேடும்போது இரண்டுக்கும் ஒரு கீழெல்லை, ஒரு மேலெல்லை. பதிவுகள் சில ஆயிரமாக இருக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. சில இலட்சத்தைத் தாண்டியதும் ஆப் இழுக்கத் தொடங்கும். உடனே அகலாங்கையும் நெட்டாங்கையும் சேர்த்து ஒரு இன்டெக்ஸ் (புத்தகத்தின் சொல்லடைவு போல, பதிவுகளைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும் பட்டியல்) போடுவார்கள். கொஞ்சம் வேகம் கூடும். எதிர்பார்த்த அளவுக்குக் கூடாது.

காரணம் இன்டெக்ஸின் பிறப்பிலேயே இருக்கிறது. போயிங் நிறுவனத்தில் வேலை செய்த ருடோல்ஃப் பேயரும் எட்வர்ட் மக்கிரைட்டும் 1970இல் முன்வைத்த பி-ட்ரீ என்ற மர வடிவ இன்டெக்ஸ்தான் இன்றுவரை பெரும்பாலான தொடர்புசார் (டேபிள்களாக அடுக்கும்) தரவுத்தளங்களுக்கு அடித்தளம். அது பெறுமதிகளை ஒரே வரிசையில் அடுக்கி வைக்கிறது. பெயர், விலை, திகதி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒவ்வொன்றுக்கும் முன்னே ஒன்று, பின்னே ஒன்று. ஜனவரி முதல் மார்ச் வரையான பில்கள் வேண்டுமென்றால் ஜனவரி தொடங்கும் இடத்துக்குப் போய், மார்ச் முடியும்வரை நேராகப் படித்துவிடலாம். இடத்துக்கு இப்படி ஒரு வரிசை கிடையாது. வெள்ளவத்தைக்கு வடக்கும் தெற்கும் கிழக்கும் பக்கம்தான். கடல் இல்லாவிட்டால் மேற்கும்தான்.

இரண்டு நிரலைச் சேர்த்த இன்டெக்ஸ் முதலில் அகலாங்கின்படி அடுக்குகிறது. அகலாங்கு ஒன்றாக இருக்கும் பதிவுகளுக்குள் மட்டுமே நெட்டாங்கின் வரிசை எடுபடும். ஆறு தசம தானத்தில் எழுதப்பட்ட இரண்டு கடைகளுக்கு அகலாங்கு அச்சொட்டாக ஒன்றாக இருப்பது அபூர்வம். ஆகவே இரண்டாவது நிரலின் வரிசை அங்கே பெயருக்குத்தான் இருக்கிறது. நெட்டாங்கை இன்டெக்ஸுக்குள்ளேயே வைத்துச் சரிபார்க்கலாம், உண்மை. ஆனால் அதற்கு முன் அந்த அகலாங்குக் கீற்று முழுவதையும் நடந்து முடிக்க வேண்டும். கீற்றின் உயரம் 2 கிலோமீற்றர். நீளம் கொழும்புக் கடற்கரை முதல் பொத்துவில் கடற்கரை வரை, கிட்டத்தட்ட 220 கிலோமீற்றர். தேவைப்பட்டது 4 சதுர கிலோமீற்றர், படிப்பது 440.

நெட்டாங்கை முதலில் வைத்தால்? அந்தக் கீற்று கொட்டாஞ்சேனை, நீர்கொழும்பு வழியாக மன்னார் தீவைக் கடந்து ஊர்காவற்றுறைப் பக்கம் போய் முடியும். கொழும்பைப் பொறுத்தவரை இது இன்னும் மோசம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, புறக்கோட்டை என்று கடைகள் நெருங்கிக் கிடக்கும் இடங்களெல்லாம் அதே நெட்டாங்கை ஒட்டித்தான் அடுக்கி இருக்கின்றன.

தனித்தனியாக இரண்டு இன்டெக்ஸ் போட்டால் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் கொஞ்சம் கெட்டித்தனமாக நடந்துகொள்ளும். இரண்டு கீற்றுகளிலிருந்தும் பதிவுகளின் இடப் பட்டியலை எடுத்து, இரண்டிலும் உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, அவை இருக்கும் பக்கங்களை (டிஸ்க்கிலிருந்து ஒரே தடவையில் படிக்கப்படும் துண்டுகளை) மட்டும் டேபிளில் போய்ப் படிக்கும். டேபிளைத் தொடும் வேலை குறைகிறது. ஆனால் இரண்டு கீற்றுகளையும் முழுக்க நடக்கும் வேலை அப்படியே இருக்கிறது.

இதிலிருந்து வெளியே வர இரண்டு பாதைகள்தான் உண்டு. ஒன்று, நீளமும் அகலமும் உள்ள பரப்பை எப்படியாவது ஒரு கோடாக மடித்து, பி-ட்ரீயையே வைத்துக்கொள்வது. மற்றது, வரிசை என்ற எண்ணத்தையே கைவிடுவது. இடத்துக்கான இன்டெக்ஸ் என்று விற்கப்படும் பொருட்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் பிள்ளைகள். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: இரண்டு பாதையும் இறுதி விடையைத் தருவதில்லை. "இவற்றுக்குள் பார்" என்று ஒரு பட்டியலைத்தான் தரும். இதை விளங்கிக்கொண்டவருக்கு மற்றதெல்லாம் தானாக விளங்கும் என்பது என் எண்ணம்.

மடித்த கோடு

மடிக்கும் பாதையில் முதல் பெயர் ஜி. எம். மோர்ட்டன். 1966இல், ஒட்டாவாவில் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்தபோது, கனடாவின் நிலப் படங்களைக் கணினிக் கோப்புகளில் எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று யோசித்தவர். அவருடைய வழி மிக எளிது. ஒரு கட்டத்தின் கிடை எண்ணையும் நிலை எண்ணையும் பூச்சியமும் ஒன்றுமாக எழுதுங்கள். இரண்டின் இலக்கங்களையும் மாறி மாறிக் கோர்த்து ஒரே எண்ணாக்குங்கள். அந்த எண்ணின் வரிசையில் கட்டங்களைத் தொட்டுக்கொண்டு போனால் கோடு இசட் எழுத்தின் வடிவில் திரும்பத் திரும்ப மடியும்.

கோர்த்த எண் சாதாரண எண்தான். எந்தத் தரவுத்தளத்திலும், எந்தப் பழைய பதிப்பிலும், ஒரு நிரலில் போட்டு இன்டெக்ஸ் செய்யலாம். அழகான யோசனை. எங்கே உடைகிறது என்று பார்ப்போம்.

எட்டுக்கு எட்டு என 64 கட்டங்கள் உள்ள ஒரு பலகை. கிடையிலும் நிலையிலும் 0 முதல் 7 வரை எண்கள். பலகையின் நடுப் புள்ளியைச் சுற்றி நான்கு கட்டங்கள் தொட்டுக்கொண்டு இருக்கும்: கிடை 3 அல்லது 4, நிலை 3 அல்லது 4. (3,3) என்ற கட்டம் 011, 011. கோர்த்தால் 001111, அதாவது 15. (4,4) என்பது 100, 100. கோர்த்தால் 110000, அதாவது 48. மற்ற இரண்டும் 26, 37. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் நான்கு கட்டங்களுக்கு 15, 26, 37, 48 என்று எண்கள். "15க்கும் 48க்கும் இடையில் உள்ளதெல்லாம்" என்று கேட்டால் 34 கட்டங்கள் வரும். அதில் 30 வேண்டாதவை. பலகையின் பாதிக்கு மேல் படித்துவிட்டோம்.

பரிகாரம் உண்டு. ட்ராப்ஃப், ஹெர்சோக் என்ற இருவர் 1981இல் ஒரு வழி சொன்னார்கள்: படித்துக்கொண்டு போகும்போது தேடல் பெட்டியை (தேடும் பரப்பைச் சுற்றிய செவ்வகத்தை) விட்டு வெளியே வந்துவிட்டால், மறுபடி பெட்டிக்குள் நுழையும் அடுத்த எண் எது என்று கணக்கிட்டு அங்கே நேராகத் தாவிவிடலாம். 15இலிருந்து 26, அங்கிருந்து 37, பிறகு 48. பின்னாளில் 1990களில் இந்தத் தாவலை அடிப்படையாக வைத்து யுபி-ட்ரீ என்ற இன்டெக்ஸைக் கட்டியவர்களில் முதன்மையானவர் அதே ருடோல்ஃப் பேயர். பி-ட்ரீயைத் தந்தவரே கால் நூற்றாண்டு கழித்து அதன் குறையைச் சரிசெய்ய வந்து நின்றார்.

இசட் கோட்டில் இன்னொரு குறை, அது அவ்வப்போது தூரமாகத் தாவும். 31ஆவது கட்டத்துக்கும் 32ஆவது கட்டத்துக்கும் இடையில் பலகையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கே போய்விடும். டேவிட் ஹில்பேர்ட் 1891இல் வரைந்த வளைகோட்டில் இந்தத் தாவல் இல்லை. புள்ளி வைத்து, கை எடுக்காமல் ஒரே இழையாக எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவரும் கோலத்தைப் போல, அது எப்போதும் பக்கத்துக் கட்டத்துக்கே போகும். (கோலங்களின் இலக்கணத்தைக் கணினி விஞ்ஞானத்துக்குள் கொண்டுவந்தவர்களும் உண்டு. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.) ஆனால் ஹில்பேர்ட் கோடும் பாதிப் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது. அடுத்தடுத்த எண்கள் அடுத்தடுத்த கட்டங்கள், சரி. அடுத்தடுத்த கட்டங்கள் அடுத்தடுத்த எண்களா? அதற்கு உத்தரவாதம் இல்லை. எந்தக் கோட்டாலும் அந்த உத்தரவாதத்தைத் தர முடியாது. கோட்டில் ஒரு புள்ளிக்கு இரண்டு அயலவர், கட்டத்தில் எட்டு.

இதைத் தெகிவளையில் நேரடியாகப் பார்க்கலாம். 2008இல் குஸ்தாவோ நீமேயர் வெளியிட்ட ஜியோஹேஷ் என்ற முறை, மோர்ட்டனின் எண்ணையே 32 குறிகளில் எழுதிக் காட்டுகிறது. முன்னெழுத்துகள் எவ்வளவு ஒத்துப்போகின்றனவோ, இடங்களும் அவ்வளவு நெருக்கம் என்பது அதன் கவர்ச்சி. வெள்ளவத்தையின் ஐந்து குறிகள் டி, சி, 0, இசட், 1. அந்தக் கட்டம் ஏறத்தாழ 4.9 கிலோமீற்றர் சதுரம். அதன் தெற்கு எல்லை 6.8555 பாகை. அந்த எல்லை தெகிவளைச் சந்திக்குச் சற்று வடக்கே காலி வீதியை வெட்டிப் போகிறது. எல்லைக்குத் தெற்கே ஒரு அடி வைத்தால் குறிகள் டி, சி, 0, வை, சி. எதிரெதிரே இருக்கும் இரண்டு கடைகளுக்குப் பொதுவானவை முதல் மூன்று குறிகள் மட்டும். அந்த மூன்று குறிகள் மட்டும் சொல்லும் கட்டமோ 150 கிலோமீற்றருக்கு மேல் அகலமானது.

ராகமைப் பக்கம் இன்னும் மோசம். 7.03125 பாகையில் மூன்றாவது குறியே 0 என்பதிலிருந்து 2 என்று மாறிவிடும். ராகமையில் ஒருவரும் கந்தானையில் ஒருவரும் அயலவர்கள் என்பதை முன்னெழுத்துகளை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே ஜியோஹேஷ் பாவிப்பவர்கள் தாம் நிற்கும் கட்டத்தோடு சுற்றியுள்ள எட்டையும் சேர்த்து ஒன்பது கட்டங்களைக் கேட்க வேண்டும். இதைச் செய்யாத ஆப்கள் பெரும்பாலான இடங்களில் ஒழுங்காக வேலை செய்யும். எல்லைக் கோட்டின் அருகில் குடியிருக்கும் துரதிர்ஷ்டசாலிக்கு மட்டும் வீதிக்கு அந்தப் பக்கத்துக் கடை தெரியாது. சோதிப்பவர் வேறு பகுதியில் இருந்தால் குறை கண்ணில் படவே படாது.

மைக்ரோசொஃப்ட் எஸ்கியூஎல் சர்வர் 2008இல் கொண்டுவந்த இட இன்டெக்ஸும் இந்தக் குடும்பம்தான்: பரப்பை நான்கு படிநிலைக் கட்டங்களாக உடைத்து, கட்ட எண்களைப் பி-ட்ரீயில் போடுகிறது. கூகுளின் எஸ்2, ஊபரின் அறுகோணக் கட்டமான எச்3 இரண்டும் இடத்துக்கு ஒரு எண் தரும் முறைகள். அந்த எண்ணைச் சாதாரண நிரலில் வைத்துச் சாதாரண இன்டெக்ஸ் போடலாம் என்பதே அவற்றின் பெரிய வசதி.

பெட்டிக்குள் பெட்டி

மற்றப் பாதையைத் திறந்தவர் பெர்க்லியில் இருந்த அந்தொனின் கட்மன். ஆண்டு 1984. அவர் மனதில் வரைபடங்கள் மட்டும் இருக்கவில்லை. கணினியில் வரையும் வடிவமைப்புகளும் இருந்தன. அங்கே சேமிக்க வேண்டியவை புள்ளிகள் அல்ல. நீளமும் அகலமும் உள்ள உருவங்கள். உருவத்தை எந்தக் கட்டத்தில் போடுவது? நான்கு கட்டங்களில் பரவிக் கிடந்தால் நான்கு முறை எழுதுவதா?

கட்மனின் ஆர்-ட்ரீ ஒவ்வொரு உருவத்தையும் அதைச் சுற்றி வரையக்கூடிய மிகச் சிறிய செவ்வகத்தால் குறிக்கிறது. பக்கத்தில் உள்ள செவ்வகங்கள் சிலவற்றைச் சேர்த்து ஒரு பெரிய செவ்வகம், அவற்றைச் சேர்த்து இன்னும் பெரியது, இப்படியே உச்சிவரை. தேடல் பெட்டியோடு மோதாத செவ்வகத்தைத் திறந்தே பார்க்க வேண்டாம். பொத்துவில் முழுவதும் ஒரே பார்வையில் கழிந்துபோகும். ஒரு பக்கத்தில் நூற்றுக்கணக்கான செவ்வகங்கள் கொள்ளும் என்பதால் இலட்சக்கணக்கான பதிவுகளுக்கும் மூன்று, நான்கு படிகள்தான்.

பி-ட்ரீயில் கிடைக்கும் ஓர் உறுதி இங்கே இல்லை. அங்கே ஒரு பெறுமதியைத் தேடினால் மேலிருந்து கீழே ஒரே ஒரு பாதை. இங்கே செவ்வகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கலாம். படிந்த இடத்தில் தேடினால் இரண்டு கிளைகளிலும் இறங்க வேண்டும். பக்கம் நிரம்பி இரண்டாக உடைக்கும்போது எப்படி உடைக்கிறோம் என்பதில்தான் ஆர்-ட்ரீயின் தரம் தங்கியிருக்கிறது. 1990இல் வந்த ஆர்-ஸ்டார்-ட்ரீ இந்தப் படிதலைக் குறைப்பதற்காகவே செய்யப்பட்டது. எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் உள்ளதும் அதுவே. 1995இல் ஹெலர்ஸ்டைனும் கூட்டாளிகளும் பி-ட்ரீ, ஆர்-ட்ரீ போன்றவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு சட்டகத்தை முன்வைத்தார்கள். ஜிஸ்ட் எனப்படும் அது போஸ்ட்கிரெஸுக்குள் வந்தது. 2001இல் கனடாவில் தொடங்கிய, போஸ்ட்கிரெஸுக்கு இட வசதி சேர்க்கும் போஸ்ட்ஜிஐஎஸ் அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தைப் பாவிப்பவர்கள் அதன் வழமையான இன்னோடிபி வகை டேபிளில் இட இன்டெக்ஸ் போட 5.7ஆம் பதிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

செவ்வகம் என்பது உருவத்துக்குப் பதிலாக நிற்கும் ஆள், உருவம் அல்ல. ஒரு கிலோமீற்றர் வட்டத்துக்கான பெட்டி 4 சதுர கிலோமீற்றர். வட்டமோ 3.14. மூலைகளில் உள்ள 21 வீதம் பெட்டிக்குள் வரும், வட்டத்துக்குள் வராது. எனவே இரண்டாவது கட்டமாக, வந்த ஒவ்வொன்றையும் துல்லியமாக அளந்து கழிக்க வேண்டும். பார்மசிகளுக்கு இது ஒரு செலவே இல்லை.

ரயில் பாதைக்கு அப்படியல்ல. கொழும்புக் கோட்டையிலிருந்து காலிவரையான கரையோரப் பாதையை ஒரே பதிவாகச் சேமித்தால் அதன் பெட்டி வடக்குத் தெற்காக 100 கிலோமீற்றர், கிழக்கு மேற்காக 40 கிலோமீற்றர். பாதை அந்தப் பெட்டிக்குள் சரிந்து போகும் ஒரு மெல்லிய கோடு. மிகுதியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஹொரணை, மத்துகமை எல்லாம். ஹொரணையில் நின்று "ஒரு கிலோமீற்றருக்குள் தண்டவாளம் உண்டா" என்று கேட்டாலும் இன்டெக்ஸ் இந்தப் பாதையை எடுத்து நீட்டும். பிறகு ஆயிரக்கணக்கான முனைகள் கொண்ட கோட்டோடு தூரத்தை அளந்து, இல்லை என்று முடிவு செய்ய வேண்டும்.

களனி ஆற்று வெள்ளப் பரப்புகள் இதைவிடப் பாரமானவை. 2016 மே மாத வெள்ளத்தைப் போல ஒன்றில் கொலன்னாவை, கடுவலைப் பக்கம் எந்த வீடுகள் நீருக்குள் என்று கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளப் பரப்பு ஒரே உருவமாக இருந்தால், அதன் பெட்டி ஆற்றின் நீளத்துக்கு விரிந்து, அப்பகுதியின் எல்லா வீடுகளையும் விழுங்கிவிடும். இன்டெக்ஸ் இருந்தும் இல்லாத கதை. அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தப் பென்னாம் பெரிய உருவத்தைத் திறந்து உள்ளா வெளியா என்று பார்க்க வேண்டும். இதற்கு மருந்து, உருவத்தைச் சிறு துண்டுகளாக வெட்டிச் சேமிப்பது. போஸ்ட்ஜிஐஎஸில் எஸ்டி_சப்டிவைட் இதைச் செய்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் ஒரு துண்டுக்கு 256 முனைகளுக்கு மேல் விடாது. பதிவுகள் பல மடங்காகும், பெட்டிகள் சிறுக்கும், விடை விரைவாக வரும். பதிவுகள் கூடினால் வேகம் குறையும் என்று பழகிய மனதுக்கு இதை ஏற்பது கொஞ்சம் கஷ்டம்தான்.

கேட்கும் விதம்

"அண்ணா, இன்டெக்ஸ் போட்டுத்தானே இருக்கு, ஏன் இன்னும் ஸ்லோ?" என்ற கேள்வி கொழும்பில் எந்த மென்பொருள் அலுவலகத்திலும் கேட்கும். பத்தில் பெரும்பாலான நேரங்களில் குறை இன்டெக்ஸில் இருக்காது, கேள்வியில் இருக்கும். எந்த வகை மரம் நல்லது என்று நாட்கணக்கில் வாதாடுபவர்கள் முதலில் தாம் எழுதிய கேள்வியை ஒருமுறை படிக்கலாம்.

தூரத்தைக் கணக்கிடும் எஸ்டி_டிஸ்டன்ஸ் என்ற சார்பின் விடை 1000இலும் குறைவு என்று எழுதினால், தரவுத்தளம் ஒவ்வொரு பதிவுக்கும் தூரத்தைக் கணக்கிட்டே தீரும். இன்டெக்ஸுக்குள் இருப்பவை பெட்டிகள்; தூரம் என்பது ஒரு சார்பின் விளைவு; இரண்டுக்கும் தொடர்பு இருப்பது அதற்குத் தெரியாது. இத்தனை மீற்றருக்குள் உள்ளதா என்று கேட்கும் எஸ்டி_டிவிதின் சார்பை எழுதினால் அது முதலில் பெட்டி மோதலாக மாறி இன்டெக்ஸுக்குள் போய், பிறகுதான் தூரத்தை அளக்கும். இரண்டு வாக்கியத்தின் பொருளும் ஒன்றுதான். டேபிள் பெரிதானால் ஒன்று மில்லி செக்கன்களில் முடியும், மற்றது தேநீர் குடித்துவிட்டு வரும்வரை ஓடும்.

அலகு அடுத்த பொறி. ஜியோமெட்ரி (தட்டையான பரப்பு) வகையில் பாகைகளைச் சேமித்துவிட்டு "1000க்குள்" என்று கேட்டால் அது 1000 பாகை. உலகமே உள்ளே வந்துவிடும். ஜியோகிரபி (உருண்டைப் பூமி) வகை என்றால் மீற்றர். இதைத் தெரிந்தவர்கள் சிலர், 1 கிலோமீற்றருக்கு 0.009 பாகை என்று வகுத்துப் போட்டுவிடுவார்கள். கொழும்பில் இது அச்சொட்டாக வேலை செய்யும், அதுதான் ஆபத்து. 7 பாகை அகலாங்கில் ஒரு பாகை நெட்டாங்கும் ஒரு பாகை அகலாங்கும் கிட்டத்தட்ட ஒரே நீளம், இரண்டும் 110 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். இலங்கை முழுவதும் சோதித்தாலும் பிழை வெளியே தெரியாது. அதே ஆப்பை ரொறன்ரோவில் உள்ள தமிழ்க் கடைகளுக்குத் திறந்தால், அங்கே ஒரு பாகை நெட்டாங்கு 81 கிலோமீற்றர் அளவுதான். லண்டனில் 70ஐயும் எட்டாது. வட்டம் என்று நினைத்தது கிழக்கு மேற்காக நசுங்கிய முட்டையாகிவிடும்.

இலங்கை நில அளவைத் திணைக்களத்தின் ஆள்கூறுகளோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. எஸ்எல்டி99 கட்டமைப்பில் பீதுருதாலகால மலையின் உச்சிக்கு 500,000, 500,000 என்று மீற்றரில் பெறுமதி கொடுத்து அங்கிருந்து அளக்கிறார்கள். பழைய கந்தவலைக் கட்டமைப்பில் அதே உச்சிக்கு 200,000, 200,000. இரண்டு காலத்துத் தரவுகளையும் ஒரே நிரலில் கொட்டினால் வெள்ளவத்தை இரண்டு இடத்தில் இருக்கும், நடுவில் 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளியோடு. சேமித்தது உலகப் பொது ஆள்கூறு (ஜிபிஎஸ் தரும் அகலாங்கும் நெட்டாங்கும்), தேடுவது எஸ்எல்டி99 என்றால், தேடும் வாக்கியத்தில் நிரலைச் சுற்றி, ஆள்கூறு முறையை மாற்றும் எஸ்டி_டிரான்ஸ்போர்ம் சார்பைப் போடுவது வழக்கம். நிரலின்மேல் சார்பு ஏறிய அந்தக் கணமே இன்டெக்ஸ் கைவிடப்படும். நிரலைத் தொடாமல் தேடும் புள்ளியை மாற்றுங்கள். முடியாவிட்டால் மாற்றிய வடிவத்தின்மேல் தனியாக ஒரு இன்டெக்ஸ் போடுங்கள்.

அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறுவது எல்லோரும் ஒருமுறையாவது காணும் கூத்து. போஸ்ட்ஜிஐஎஸ் நெட்டாங்கை முதலில் எதிர்பார்க்கிறது. மைஎஸ்கியூஎல் 8, உலகப் பொது ஆள்கூறுக்கு அகலாங்கை முதலில் எதிர்பார்க்கிறது. ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தரவை மாற்றும்போது கவனிக்காவிட்டால் வெள்ளவத்தைப் பார்மசி ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். ஒரு பதிவுதானே என்று விட்டுவிட முடியாது. அந்தப் பதிவு விழுந்த பக்கத்தின் செவ்வகம் கொழும்பிலிருந்து வட துருவத்தின் பக்கம்வரை நீண்டுவிடும். நடுவில் எங்கே தேடினாலும் அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டிவரும். அமைவிடம் தெரியாத பதிவுகளுக்கு 0, 0 என்று போடுவதும் இதே கேடுதான். தெரியாவிட்டால் வெறுமையாக விடுங்கள்.

"ஒரு கிலோமீற்றருக்குள்" என்பதும் "மிக அருகில் உள்ள ஐந்து" என்பதும் வேறு வேறு கேள்விகள். இரண்டாவதுக்கு எவ்வளவு பெரிய பெட்டி போடுவது என்று முன்கூட்டித் தெரியாது. வெள்ளவத்தையில் 300 மீற்றர் போதும், மாங்குளத்தில் 10 கிலோமீற்றர் வேண்டியிருக்கலாம். போஸ்ட்கிரெஸ் 9.1 முதல் இதற்கு வழி வந்தது. தேடும் புள்ளிக்கு மிக அருகில் உள்ள செவ்வகத்தை முதலில் திறந்து, அதற்கடுத்ததைப் பிறகு திறந்து, ஐந்து கிடைத்ததும் நிறுத்திவிடும். ஒழுங்குபடுத்தும் வரியில் தூரக் குறியை நேரடியாக எழுதி, எண்ணிக்கைக்கு வரம்பும் போட்டால்தான் இது நடக்கும். இந்த அருகாமை நேர்கோட்டுத் தூரம் என்பதையும் மறக்கக்கூடாது. களனி ஆற்றின் அக்கரையில் உள்ள கடைதான் மிக அருகில் என்று இன்டெக்ஸ் சொல்லும். பாலம் எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

நகரும் பொருட்கள்

இதுவரை பேசியவை அசையாதவை. ஓட்டோக்களைக் கண்காணிக்கும் ஆப் என்றால் ஒவ்வொரு வண்டியும் சில செக்கன்களுக்கு ஒருமுறை புதிய இடத்தை அனுப்பும். போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவைத் திருத்துவது என்றால் பழைய பிரதியை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பிரதி எழுதுவது. திருத்தியது இன்டெக்ஸ் செய்யப்பட்ட நிரல் என்றால் இன்டெக்ஸிலும் புதிய பதிவு. காலை நெரிசல் முடிவதற்குள் இன்டெக்ஸ் செத்த பதிவுகளால் வீங்கிவிடும்; சுத்தம் செய்யும் வேலை பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

நேரத்தை மூன்றாவது பரிமாணமாகச் சேர்த்து, இடமும் நேரமும் ஒன்றான முப்பரிமாணப் பெட்டிகளை இன்டெக்ஸ் செய்யலாமே என்று தோன்றும். செய்ய முடியும். ஆனால் 0.009 பாகையோடு ஒப்பிட எத்தனை செக்கன்? அந்த விகிதத்தை யார் தீர்மானிப்பது? நேரத்தைச் செக்கனில் கொடுத்தால் பெட்டிகள் நேரத் திசையில் ஊசியாக நீளும். இன்டெக்ஸ் கிட்டத்தட்ட நேரத்தை மட்டுமே பார்த்துப் பிரிக்கத் தொடங்கும். நான் இந்தப் பாதையைப் பெரும்பாலும் தவிர்க்கவே சொல்வேன். நேரம் ஒழுங்காக வரிசையில் வருவது. பி-ட்ரீக்கு அது இயல்பான பொருள். வரலாற்றுத் தரவை நாள் வாரியாகப் பிரித்த டேபிள்களில் போட்டு, ஒவ்வொன்றிலும் இடத்துக்கு மட்டும் ஜிஸ்ட் இன்டெக்ஸ் வைத்தால் போதும். வந்த ஒழுங்கிலேயே எழுதப்படும் தரவு என்பதால் நேர நிரலுக்கு, போஸ்ட்கிரெஸ் 9.5ஆம் பதிப்பில் வந்த, பக்கத் தொகுதி ஒவ்வொன்றின் கீழெல்லையையும் மேலெல்லையையும் மட்டும் குறித்துவைக்கும் பிரின் இன்டெக்ஸ் அளவில் மிகச் சிறியதாக இருந்து வேலையை முடித்துவிடும்.

வண்டி இப்போது எங்கே என்பதற்கு இத்தனை துல்லியமும் வேண்டாம். வண்டி எந்தக் கட்டத்தில் என்ற எண் போதும். சில நூறு மீற்றர் அகலமான அறுகோணத்தின் எண்ணைத் தனி நிரலில் வைத்து, வண்டி கட்டம் மாறும்போது மட்டும் அதைத் திருத்தலாம். காலி வீதி நெரிசலில் ஓட்டோ ஒரு கட்டத்தைத் தாண்ட நிமிடக் கணக்காகும். அதுவரை இன்டெக்ஸைத் தொடும் தேவையே இல்லை. பயணி கேட்கும்போது அவர் நிற்கும் கட்டத்தையும் சுற்றியுள்ள ஆறையும் எடுத்து, அதற்குள் உள்ள வண்டிகளின் தூரத்தை அளந்து பார்த்தால் சரி.